அயலவர் சமயமும் தமிழ் வகுப்பும்

விழா மலர்க் குழுவினர் சமய நல்லிணக்கம் என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை எழுதியனுப்புமாறு பணித்திருந்தனர். மலைநாட்டிலிருந்து வந்து நம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த மிகச் சிலருள் யானும் ஒருவனாதலின், மலையகத்துச் செய்தி எதையேனும் எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். மறுக்க மனம் வரவில்லை; ஆயினும் தலைப்பைக் கண்டதும் சிறிது தயங்கினேன். இப்பொருள்பற்றி நம் நாட்டு மேடைகளில் நிகழும் பேச்சுக்களைப் பலகாலும் கேட்டிருக்கின்றேன். எல்லா ஆறுகளும் ஒரே கடலிற் கலக்கின்றன என்பார் ஒருவர். எல்லா விளக்கிலும் எரிவது ஒரே சுடர் என்பார் மற்றொருவர். நான்கு சமயத்துக் குருமாரும் குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரியை ஏற்றுவர். படம் மறுநாட் பத்திரிகையில் வெளிவரும். அவற்றைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஆனால் அக்கூட்டத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவர், பக்கத்து நாற்காலியில் இருந்தவருடைய சமயத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றேனும் அறிந்து செல்கின்றாரா என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. எல்லாம் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட்டால் பின்னர் அறிவதற்கு என்ன இருக்கின்றது?

யான் இப்போது ஆசிரியத் தொழில் புரிவது நோட்டன் பிரிட்ஜில். கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையின் அருகே, தேயிலை மலைகள் நாற்புறமும் சூழ அமைந்தது எங்கள் ஊர். மின்சாரத்தால் இந்நாட்டுக்கு ஒளியூட்ட முதன்முதல் கனவு கண்ட பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய மின்நிலையம் 1965இல் இங்கே இயங்கத் தொடங்கியது. எனினும் அந்நாளில் அணையருகே லயங்களில் வாழ்ந்தோர் பலருடைய வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பது வேறு கதை. மழைக்கு இங்கே குறைவில்லை. ஊர் பெரிதன்று, ஒரு கடைவீதி, சில பாடசாலைகள், ஒன்றிலிருந்து ஒன்று கூப்பிடு தூரத்திற் சில வழிபாட்டிடங்கள். அவ்வளவே.

ஆயினும் ஆண்டில் ஆறு மாதம் இச்சிற்றூர் உறங்குவதில்லை. மார்கழியில் வரும் உந்துவப் போயா தொடக்கம் வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். கினிகத்தேனை வழியாக வரும் யாத்திரிகர் எங்கள் ஊரைக் கடந்தே மஸ்கெலியாவுக்கும், அங்கிருந்து மலையடிவாரமாகிய நல்லதண்ணிக்கும் செல்வர். நள்ளிரவில் பஸ்கள் வளைவுகளில் ஒலியெழுப்பிச் செல்லும். ஒன்றிலிருந்து “சாது, சாது” என்னும் குரல் வரும். அடுத்ததிலிருந்து “அரோகரா” என வரும். தேநீர்க் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். இருவரும் இஞ்சி போட்ட தேநீரே கேட்பர்.

அம்மலையின் உயரம் 7,359 அடி. உச்சியிலுள்ள பாதச் சுவடு சைவர்க்குச் சிவபெருமானுடையது; பௌத்தர்க்குப் புத்தபிரானுடையது; முஸ்லிம்களுக்கு ஆதிபிதா ஆதம் நபியுடையது, அவர்கள் அதனைப் பாவாதமலை என்பர்; கிறிஸ்தவருட் சிலர் தோமையாருடையது என்று கருதியதுண்டு. ஒரே கல்லை நால்வர் நான்கு பெயரால் அழைக்கின்றனர் என்பதை எல்லோரும் அறிவர். அடுத்தவர் அங்கே என்ன செய்கின்றார், ஏன் செய்கின்றார் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? ஏறும் வழியில் ஓரிடத்தில் சிங்கள யாத்திரிகர் ஊசியில் வெண்ணூலைக் கோத்து, அந்நூலை வழிநெடுக நீளவிட்டுச் செல்வர். புத்தர் தம் சீவரத்தின் கிழிசலைத் தைக்க அவ்விடத்தே தங்கினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நூலைத் தாண்டி ஆண்டுதோறும் ஏறியிறங்கும் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், அது ஏதோ நேர்த்திக்கடன் என்றே இருபது ஆண்டுகளாக எண்ணியிருந்தார். உச்சியிலுள்ள மணியை, எத்தனை முறை மலை ஏறினோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் நன்கறிவார். எண்ணிக்கையில் ஒன்றும் குறைக்கமாட்டார்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இம்மலையோடு வேறொரு தொடர்பும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் இரத்தின தீவத்துச் சமந்த மலையும் அதன் உச்சியிலுள்ள பாதபீடிகையும் பேசப்படுகின்றன. எங்கள் வகுப்பறை யன்னலிலிருந்து பார்த்தால் மேகம் விலகிய நாட்களில் தெரியும் திசையைக் காட்டி, இக்காப்பியத்துள் வரும் மலை அதோ அங்கேயுள்ளது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பேறு வேறெந்தத் தமிழாசிரியருக்கு வாய்க்கும்? தமிழ்ப் பௌத்தர் ஒருவர் பாடிய மலையைச் சைவப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பர். தமிழர் பௌத்தராக இருந்தனரா என்று ஒவ்வோராண்டும் ஒரு பிள்ளையேனும் வியந்து கேட்பதுண்டு.

1344இல் இம்மலைக்கு வந்த மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதாவின் பயணக் குறிப்பையும் வகுப்பில் சொல்வது என் வழக்கம். புத்தளத்தில் அவர் கண்ட அரசன் ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பதே வேண்டும் என்றார் இவர். அரசன் பல்லக்கு ஒன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் 4 பேரையும், பிராமணர் 3 பேரையும், தன் பரிவாரத்தார் 10 பேரையும், உணவு சுமப்போர் 15 பேரையும் உடன் அனுப்பினான். ஒரு முஸ்லிம் பெரியாரை யோகியரும் பிராமணரும் வழிகாட்டி அழைத்துச் சென்ற அக்காட்சியை நினைத்துப் பாருங்கள். யோகியர் சிவனைக் காணச் சென்றனர். அவர் ஆதமைக் காணச் சென்றார். வழியில் ஒருவரையொருவர் திருத்த முயன்றதாக அவர் எழுதவில்லை.

இனிமையானவற்றையே பொறுக்கிச் சொல்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. எங்கள் பிரதேச சபையின் பெயரைத் தாங்கிய அம்பகமுவவில் முதலாம் விஜயபாகு மன்னனின் கல்வெட்டு ஒன்று உண்டு. ஸ்ரீபாதத்துக்குச் செல்வோர்க்கு வழியில் உணவளிக்க அம்மன்னன் செய்த அறத்தை அது கூறுகின்றது. தாழ்ந்த சாதியார் எனப்பட்டோர் வழிபடுவதற்கு மேல் முற்றத்தை விடுத்துக் கீழே வேறொரு முற்றம் அமைத்ததையும் அதே கல்வெட்டே கூறுகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கை இராசசிங்கன் மலையைச் சைவர் கையில் ஒப்படைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனை மீண்டும் பிக்குமாரிடம் அளித்தான். ஆகவே மலை யாருடையது என்ற வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அவ்வழக்கினூடும் சனங்கள் ஏறிக்கொண்டேயிருந்தனர் என்பதுதான் வியப்பு.

மலையை விட்டுப் பாடசாலைக்கு வருவோம். நம் நாட்டிற் சமயம் கட்டாய பாடம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் எனத் தனித்தனி நூல்கள் அரசாங்கத்தால் அச்சிடப்பட்டு இலவசமாக வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைக் கற்கும். இது நல்ல ஏற்பாடே. வேறு பல நாடுகளில் இவ்வாய்ப்பு இல்லை. ஆனால் நேரசூசியில் சமயபாட வேளை வந்தவுடன் நிகழ்வதைப் பாருங்கள். அதுவரை ஒரே வாங்கில் தோளோடு தோள் உரசியிருந்த பிள்ளைகள் கொப்பியை எடுத்துக்கொண்டு வெவ்வேறு திசையிற் பிரிவர். சைவப் பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பர். கத்தோலிக்கப் பிள்ளைகள் விஞ்ஞான அறைக்குச் செல்வர். முஸ்லிம் பிள்ளை ஒன்றோ இரண்டோ இருந்தால், கற்பிக்க ஆளில்லாமல் நூலக மூலையில் தாமே நூலைப் புரட்டிக்கொண்டிருக்கும். நாற்பது நிமிடம் கழிந்து அனைவரும் திரும்பி வருவர். அங்கே நீ என்ன படித்தாய் என்று ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கேட்டதை இத்தனை ஆண்டில் யான் கண்டதில்லை. பதினொரு ஆண்டு ஒரே கூரையின்கீழ்ப் படித்தவர்கள், நோன்பு ஏன் நோற்கப்படுகின்றது, சிலுவை எதனைக் குறிக்கின்றது, திருநீறு எதனாலாயது என்று ஒருவர்க்கொருவர் அறியாமலே பிரிந்துபோவர்.

சமயபாட வேளை முடிந்ததும் எங்கள் நேரசூசியிற் பெரும்பாலும் வருவது தமிழ். பிரிந்து சென்ற பிள்ளைகள் மீண்டும் கூடுவது என் வகுப்பில். இதனைத் தற்செயல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில், கற்பித்தல் முறைகளைப் பற்றியும் பாடக் குறிப்பு எழுதுவதைப் பற்றியும் நிறையச் சொல்லித் தந்தார்கள். தமிழ் வகுப்பே சமயங்கள் சந்திக்கும் முற்றம் என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அதனைச் சொன்னவர் நம் கல்லூரியின் பழைய தமிழாசிரியர் ஒருவர்.

பெயரைச் சொன்னால் அக்காலத்து விடுதி மாணவர் அனைவரும் அறிவர். அவர் அதனை விரும்பமாட்டார். நெற்றியில் முக்குறியின்றி அவரைக் கண்டவரில்லை. வெள்ளிதோறும் பிரார்த்தனை மண்டபத்திற் பஞ்சபுராணம் ஓதத் தவறாதவர். அவர் ஒருநாள் உயர்தர வகுப்புக்குத் தேம்பாவணியைக் கையிலெடுத்து வந்தார். இந்துக் கல்லூரியில் யோசேப்பு முனிவர் கதையா என்று பின்வாங்கிலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். (அம்முணுமுணுப்புக்குரியவர் இன்று பழைய மாணவர் சங்கத்திற் பொறுப்பான பதவியில் இருக்கின்றார், ஆதலின் மேலே சொல்லேன்.) ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. “தம்பி, தேம்பாவணி படித்தால் உன் சைவம் குறையாது, உன் தமிழ் கூடும். குறையக்கூடிய சைவமென்றால் அது உன்னிடம் இருந்தென்ன, போயென்ன?” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த அக்காப்பியத்தில், யூதேய நாட்டிலும் தமிழ்நாட்டு வயல்களே விளைந்திருப்பதை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் சிரித்து மகிழ்ந்தோம்.

சிந்தித்துப் பார்க்குங்கால், தமிழைப் போல இத்துணைச் சமயங்களைத் தன்னுள் வாழவைத்த மொழி அரிது. சமணரை நீக்கிவிட்டுச் சீவகசிந்தாமணியை எங்கே தேடுவது? பௌத்தரை நீக்கினால் மணிமேகலை போகும். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் எனப்படும் உமறுப்புலவர் இல்லையேல் சீறாப்புராணம் இல்லை. இந்நாட்டிலும் கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவல் வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது. மட்டக்களப்பில் கத்தோலிக்கக் கல்லூரியிற் பயின்று, யாழ்ப்பாணத்தில் மற்றொரு கத்தோலிக்கக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர், பின்னர் துறவியாகி, 1947இல் யாழ் நூலை அளித்தார். அவரே சுவாமி விபுலானந்தர். ஊர்காவற்றுறைப் பக்கத்திற் பிறந்த கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயகம் அடிகளே 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்று உழைத்தவர். இவர்களையெல்லாம் சமயபாட நூல்களுக்குள் பங்கிட்டு வைத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டே கிட்டும். தமிழ் வகுப்பில் அனைவரும் அனைவர்க்கும் உரியவர்.

இங்கே ஒரு தடை எழலாம். பிறர் சமயத்தைக் கற்றவரெல்லாம் நல்லிணக்கத்துக்காகவா கற்றனர்? இல்லை. நம் முன்னோர் பெரும்பாலும் வாதிடுவதற்கே கற்றனர். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்பதாக 27ஆம் காதை அமைந்துள்ளது. சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், பூதவாதி என எல்லோரும் பேசுகின்றனர். முடிவில் அவள் சேர்வது பௌத்தத்தையே. நம் ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்வோம். பார்சிவல் பாதிரியாருடன் இருந்து 1850இல் வெளிவந்த தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்குப் பேருதவி புரிந்தவர் அவர். நாடோறும் திருநீறணிந்து சென்று வேதாகமத்தை வரிவரியாகத் தமிழாக்கிய அப்பெருமகனாரே 1854இல் சைவதூஷணபரிகாரத்தையும் வெளியிட்டுப் பாதிரிமாரை எதிர்த்து நின்றார். கற்றதனால் அவர் இணங்கிப் போகவில்லை.

எனினும் யான் இவ்விருவரிடத்தும் ஒன்றைக் கண்டு தலைவணங்குகின்றேன். மணிமேகலை ஆசிரியர் பிற சமயவாதிகளைத் தம் வாயாலேயே பேசவிடுகின்றார். பூதவாதியிடம் மட்டுமே அவள் குறுக்கிட்டு நகைக்கின்றாள். நாவலரோ எதிர்த்தரப்பு நூலை முற்றக் கல்லாமல் ஒரு வரியையும் மறுக்கவில்லை. இன்று கைத்தொலைபேசியில் வரும் ஒரு படத்தையும் இரண்டு வரியையும் கண்டு, ஒரு சமயம் முழுவதையும் தீர்த்துக்கட்டிவிடுகின்றோமே, அதனோடு ஒப்பிட்டால் வாதத்துக்காகக் கற்றல் எத்துணையோ மேலானது. அயலவன் சொல்வதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவன் அவன்மேல் இல்லாததொன்றை ஏற்றிச் சொல்லமாட்டான்.

இனி 2019இல் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஏப்பிரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்திலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடை எங்களுக்குத் தொலைவிடமன்று. கொழும்பில் வேலை செய்யும் மலையகத்துப் பெண்கள், சைவராயினும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார்க்கு மெழுகுதிரி ஏற்றச் செல்வர். என் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் சிறியதாய் அன்று செல்லவிருந்து, காய்ச்சலால் தங்கிவிட்டவர்.

மே மாதத்தில் பாடசாலை மீண்டும் திறந்தபோது பிள்ளைகளின் பைகளைப் பெற்றோர் வாயிலில் நின்று சோதித்தனர். பத்தாம் வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவன் இருந்தான். கடைவீதியில் அவன் தகப்பனாருக்குப் பலசரக்குக் கடை. அவன் வந்தான், தன் வாங்கில் இருந்தான், அவ்வாங்கில் வேறெவரும் இருக்கவில்லை. ஒருவரும் அவனை ஏசவில்லை, தள்ளவில்லை. மூன்று பேர் இருக்கும் வாங்கில் ஒருவன், இரண்டு பேர் இருக்கும் வாங்கில் நால்வர், அவ்வளவே நிகழ்ந்தது. கடைக்கும் ஆட்கள் போவதை நிறுத்தியிருந்தனர். (அது நெடுநாள் நீடிக்கவில்லை. மாதமுடிவில் கடனுக்கு அரிசியும் மாவும் கொடுப்பவர் அவரே. தோட்டங்களிற் கடன் கொப்பியும் ஒரு சமரச நூல்தான்.)

அன்று ஒற்றுமை பற்றி உபதேசம் செய்ய யான் முற்படவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் உபதேசத்தை மழையைப் போல ஒதுங்கி நின்று கழித்துவிடுவர். பாடத்தை ஒத்திவைத்து ஒரு கதை சொன்னேன். சிவராத்திரி மகிமையாக வடமொழிச் சிவமகாபுராணத்தில் வருவது அது. புலி துரத்த வில்வமரத்தில் ஏறிய வேடன் கதையை எங்கள் பிள்ளைகள் அறிவர், இது வேறு. வேடன் ஒருவன் நீர்நிலையருகே வில்வமரத்தில் இரவெல்லாம் காத்திருக்கின்றான். ஒரு பெண்மான் நீருண்ண வருகின்றது. அம்பு தொடுக்கும்போது அது பேசுகின்றது: என் குட்டிகளைப் பொறுப்பானவரிடம் விட்டுவிட்டு வருகின்றேன், விடை கொடு. வேடன் நம்பவில்லை, அது சத்தியம் செய்கின்றது, அவன் விடுகின்றான். சொன்னபடி மான் திரும்பி வருகின்றது, துணையோடும் குட்டிகளோடும். வேடனின் வில் தாழ்கின்றது.

மறுநாள் சீறாப்புராணத்து மானுக்குப் பிணைநின்ற படலத்தை எடுத்துச் சென்றேன். இங்கும் வேடன், இங்கும் கட்டுண்ட பெண்மான், இங்கும் பசித்திருக்கும் கன்று. ஆனால் இங்கே நபிகள் நாயகம் குறுக்கிட்டு, மான் திரும்பாவிடின் அதற்கு யானே பொறுப்பு எனப் பிணை நிற்கின்றார். மான் சென்று பாலூட்டிக் கன்றையும் உடனழைத்து மீள்கின்றது.

யான் விளக்கத் தொடங்குமுன்னரே வகுப்பு விழித்துக்கொண்டது. அதற்குக் காரணம் பிணை என்னும் ஒரு சொல். நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் எங்கள் தோட்டங்களிற் பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவர்க்கொருவர் பிணையாக்கிக் கடன் கொடுப்பது வழக்கம். “சேர், எங்க அம்மா பக்கத்து லயத்து அக்காவுக்குப் பிணை நின்னாங்க. அவங்க கொழும்புக்குப் போய்த் திரும்பி வரவே இல்ல. எங்க அம்மாதான் கட்டுறாங்க” என்றான் ஒருவன். பிணை நிற்றல் இன்னதென்று அப்பிள்ளைகளுக்கு உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. உரைகாரரைக் காட்டிலும் அவர்கள் நன்கறிவர். மனிதருக்கே பிணை நிற்க அஞ்சும்போது ஒரு மானுக்கு எப்படி நின்றார் என்று கேட்டது ஒரு பிள்ளை.

அப்போதுதான் அம்மாணவன் முதன்முறையாக வாய்திறந்தான். தன் உம்மா சிறுவயதில் இக்கதையைச் சொல்லியதுண்டு என்றான். நபிகளின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவன் “ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்” என்று சேர்த்துச் சொன்னான். அஃதென்ன என்று முன்வாங்கிலிருந்து கேட்டார்கள். நாங்கள் தேவாரத்துக்கு முன்னும் பின்னும் திருச்சிற்றம்பலம் சொல்வதைப் போன்றதா என்றாள் ஒரு மாணவி. அவன் சற்று யோசித்து, இல்லை, அவர்மீது இறைவன் அருளும் சாந்தியும் உண்டாக வேண்டுமென்று நாங்கள் கேட்பது அது என்றான். ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல், வேறு என்று சொல்லி விளக்கினான் பாருங்கள், அதனை யான் பெரிதாக மதிக்கின்றேன்.

வாரமுடிவில், எங்கள் பாடசாலைக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்க வரும் ஆசிரியை இதனைக் கேள்வியுற்றுத் தாமே வந்தார். பாதி சிங்களமும் பாதி தமிழுமாக நிக்ரோத மிருக ஜாதகத்தைச் சொன்னார். காசி மன்னனின் வேட்டைக் காட்டில் முறைவைத்து மான்கள் தலைகொடுத்து வந்தன. கருவுற்ற பெண்மானின் முறை வந்தபோது அதற்காகத் தன் கழுத்தையே வெட்டுமரத்தில் வைத்தது மான்களின் தலைவனாகிய போதிசத்துவ மான். மன்னன் மனமுருகி எல்லா உயிர்க்கும் அபயமளித்தான். கத்தோலிக்க மாணவி ஒருத்திக்குத் தன் சமயத்தில் மான் கதை இல்லையே என்ற குறை. காணாமற்போன ஆட்டின் உவமையை நினைவூட்டினேன். “அதுல ஆடு தானா வரல்ல சேர், மேய்ப்பர்தான் தேடிப் போனார்” என்று அவளே வேறுபாட்டையும் எடுத்துரைத்துவிட்டாள்.

இந்நான்கு கதையும் ஒன்றே என்று முடித்துவிடுவது எளிது. யான் அதனை அனுமதிக்கவில்லை. ஒன்றில் மானின் சொல்லே பிணை. ஒன்றில் நபிகள் பிணை. ஒன்றில் தலைவன் தன் உயிரையே ஈடாக வைக்கின்றான். ஒன்றில் தேடிச் செல்லும் அன்பு. எது உயர்ந்தது என்று கேட்காமல், எதில் யார் என்ன செய்கின்றார் என்பதைத் தம் கொப்பியில் எழுதச் சொன்னேன். காலித் துறையில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்லை அன்பர்கள் கொழும்பு நூதனசாலையிற் பார்த்திருக்கலாம். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்தது; 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீன எழுத்திற் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையிற் கோயில்கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்குமாக ஏறத்தாழ ஒரே காணிக்கைப் பட்டியல் அதில் உண்டு. மூன்று பெயரையும் கலந்து ஒன்றாக்க அவர் முயலவில்லை. அவரவர்க்கு அவரவர் மொழியில், அவரவர் பெயரால், குறைவின்றி அளித்தார்.

அவ்வாரத்தாற் பெரிய மாற்றம் ஏதும் விளைந்துவிட்டதாக யான் சொல்லமாட்டேன். அடுத்த திங்களன்று அவ்வாங்கில் இருவர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் வீட்டுவேலை பார்த்தெழுதவே வந்தான் என்பது எனக்குத் தெரியும். சில நாட்களில் நோன்புப் பெருநாள் வந்தபோது அவன் வட்டிலப்பம் கொண்டுவந்தான். அதனை எல்லோரும் உண்டனர், இருவரைத் தவிர. அவ்விருவரையும் யான் வற்புறுத்தவில்லை.

தமிழ் வகுப்பால் எட்டமுடியாத இடமும் உண்டு. எங்கள் பாடசாலையிலிருந்து நடைதூரத்திற் சிங்களப் பாடசாலை ஒன்று இருக்கின்றது. அங்குள்ள பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வருவர். ஒரே கடையில் ஐஸ்பழம் வாங்குவர். ஆண்டு முழுவதும் பத்து வாக்கியம் பேசிக்கொள்வது அபூர்வம். பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினராகிய தமிழ் வீரர்கள், புத்தரின் தந்தம் வைத்த பள்ளியைக் காப்பதாகத் தமிழிலே கல்லில் வெட்டி உறுதிசெய்தனர். அதற்கு முன் அதே படையினர் மன்னனுக்கெதிராகக் கலகம் செய்ததும் உண்டு. கலகம் செய்தவரும் காவல் நின்றவரும் ஒருவரே என்பதை இருபக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருந்து படிக்கும் வகுப்பறை எங்கள் ஊரில் இன்னும் இல்லை. மேற்படி ஆசிரியையும் யானும் சென்ற பருவகாலத்தில் இரு பாடசாலைப் பிள்ளைகளிலும் பன்னிருவரைச் சேர்த்து மலைக்கு அழைத்துச் சென்றோம். ஊசியும் நூலும் ஏன் என்று அவர்கள் சொல்ல இவர்கள் கேட்டனர். சிவனொளிபாதம் என்னும் பெயரை இவர்கள் பிரித்துச் சொல்ல அவர்கள் கேட்டனர். இறங்கும்போது கால்வலியைப் பற்றி இரு மொழியிலும் பேசினர்.

பழைய மாணவ அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டை ஒதுக்கி வைத்திருக்கின்றோம். சீறாப்புராணம் உரையுடன் ஒரு பிரதி உண்டு; அதிலும் முதற்காண்டத்தின் சில பக்கங்கள் இல்லை. மணிமேகலை உண்டு; தேம்பாவணி இல்லை. தமிழில் ஜாதகக் கதைகள், பெரியபுராண வசனம், நபிமார் சரித்திரம், விவிலியக் கதைகள் ஆகியன சிறுவர் படிக்கத்தக்க எழுத்தில் இருந்தால் மிக நன்று. பழைய பிரதிகளாயினும் தடையில்லை. மலர்க் குழுவினர் வழியாக அனுப்பினால் வந்து சேரும். வைகாசி முதல் ஐப்பசி வரை அனுப்புவோர் தயவுசெய்து பொலித்தீன் உறையிட்டு அனுப்புக. எங்கள் ஊர் மழையில் காகிதம் விரைவிற் பூஞ்சணம் பிடித்துவிடும்.